முப்பிடாதியின் தாங்கெண்

"என் தாங்கெண் எவ்வளவுன்னு சொல்லுங்க சார்."

மேலாளர் கிருபாகரனின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த முறுக்கு வழியிலேயே நின்றுவிட்டது. பொருநை வேங்கைகள் ரக்பி அணியின் மேலாளர் நாற்காலியில் அவர் பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். வீராங்கனைகள் அவரிடம் சம்பள உயர்வு கேட்டிருக்கிறார்கள், பிரசவ விடுப்பு கேட்டிருக்கிறார்கள், ஒருத்தி தன் கல்யாண ஊர்வலத்துக்கு அவருடைய காரையே கேட்டிருக்கிறாள். இதை ஒருத்தியும் கேட்டதில்லை.

"என்னம்மா கேட்ட?"

"காதுல விழுந்திருக்கும். என் மண்டை இன்னும் எத்தனை மோதல் தாங்கும்னு ஒரு எண் வச்சிருக்கியள்லா, அதத்தான் கேக்கேன்."

கிருபாகரன் அவளைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே பச்சை விளக்கோடு பொருத்தியிருந்த செவிப்பொறியை அண்ணாந்து பார்த்தார். கேட்டவள் எதிரே மலை மாதிரி நிற்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கதவைப் பார்க்கிறார் என்று முப்பிடாதிக்கு எரிச்சல் வந்தது.

"நீ எதுவும் கேக்கல. என் காதுலயும் எதுவும் விழல. போய் ஷூவை மாட்டு. ஆறு மணிக்கு அரையிறுதி, நீ கேப்டன். இப்பவே மணி நாலு."

"சொல்லுத வரைக்கும் நகர மாட்டேன்."

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுவார்கள். ஊக்கமருந்து கூடாது. பந்தயம் கட்டக் கூடாது. தாங்கெண்ணைக் கேட்கக் கூடாது. முதல் இரண்டையும் மீறி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மூன்றாவதை யாரும் தொட்டதில்லை. உடைமாற்றும் அறையில் புதுப்பெண் எவளாவது விளையாட்டுக்கு அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், இழவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்ப்பார்கள். மூத்தவள் ஒருத்தி எழுந்து போய் அவள் தலையில் ஒன்று போடுவாள்.

தாங்குமானி வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பார்ப்பதற்கு ஆளுயர வளைவு, அவ்வளவுதான். அதன் வழியே நடந்தால் ஊதா வெளிச்சம் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒருமுறை தடவிவிட்டுப் போகும். இந்த உடம்பு இந்த வேலையை இன்னும் எத்தனை தரம் தாங்கும் என்று ஓர் எண் வரும். சுமை தூக்குபவருக்கு மூட்டைக் கணக்கு, லாரி ஓட்டுநருக்குக் கிலோமீட்டர், நர்சுக்கு இரவுப் பணி. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட ஜாதகத்தோடு இதையும் தரகர் வழியாக மறைவில் விசாரித்தார்கள், மாமியார் வீட்டில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பாள் என்று.

எண் வேலை கொடுப்பவருக்கு மட்டும்தான். வேலை செய்பவருக்குச் சொல்லக் கூடாது. தன் எல்லை தெரிந்தவள் பயப்படுவாள், பயந்தவள் தயங்குவாள், தயங்கியவளுக்குத்தான் கழுத்து முறியும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முப்பிடாதியும் நம்பினாள். பாளையங்கோட்டை மின்கலக் கிடங்கில் அவள் அப்பா அறுபத்திரண்டு வயதிலும் மூட்டை தூக்குகிறார். "ஒமக்கு முதுகுல இன்னும் நாலாயிரம் பாக்கி இருக்குவே" என்று மேஸ்திரி ஒரு நாள் போதையில் உளறியதை அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

அவள் ரக்பிக்கு வந்ததே தற்செயல். அரசுக் கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். கபடித் திடலில் மூன்று பேரை முதுகில் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டதை ஒரு பயிற்சியாளர் பார்த்துவிட்டார். "இதே வேலைதான், கையில பந்து இருக்கும். மூச்சு விடலாம்," என்றார். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி அது. பந்தை வைத்திருப்பவளை எதிரணி மடக்கும். ஆறு மடக்குக்குள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிக்காவிட்டால் பந்து கை மாறிவிடும். அதில் முன்வரிசைக்காரியின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பந்தை வாங்கு, சுவரைப் பார்த்து ஓடு, விழு, எழு.

ஏழு பருவம் அதைத்தான் செய்தாள். நூற்று நாற்பது ஆட்டம். மூக்கு இரண்டு தரம் உடைந்தது, காரை எலும்பு ஒரு தரம். மூன்றாம் ஆண்டில் "பிடாதி பிடிச்சா விடாது" என்று வர்ணனையாளர்கள் சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் பரவியது. ஐந்தாம் ஆண்டில் மாநில அணி, போன ஆண்டு தலைமை. எலும்பு உடைந்த அன்றுகூட அவள் பாதி ஆட்டத்தில் வெளியே வந்ததில்லை. நம் எண் பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ்லின் விழுந்தாள். விடுதியில் இருவருக்கும் ஏழு வருடமாக ஒரே அறை, ஒரே எண்ணெய்ப் பாட்டில். நான்காவது மடக்கு. பெரிய அடிகூட இல்லை. எழுந்தாள், பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள், தங்கள் அணியின் கோட்டையே பார்த்து இரண்டு எட்டு வைத்தாள். "ஏட்டி, அந்தப் பக்கம் ஓடு!" என்று முப்பிடாதி கத்தினாள். ரெக்ஸ்லின் ஷூ கயிறு கட்டுகிறவள் மாதிரி உட்கார்ந்தாள், அப்படியே சரிந்தாள். இன்று வெள்ளிக்கிழமை, இன்னும் கண் திறக்கவில்லை. 'அவரது தாங்கெண் பாதுகாப்பான அளவிலேயே இருந்தது' என்று அணியை நடத்தும் ரக்பிக் கழகம் ஒரே வரியில் அறிக்கை விட்டது.

செவ்வாயன்று முப்பிடாதியின் இடதுகையில் இரண்டு விரல்கள் மரத்தன. நேற்று வீட்டுக்குப் போன் செய்தபோது தன் சொந்தத் தங்கையின் பெயர் நினைவுக்கு வரவில்லை. ஒரு டம்ளர் டீ ஆறும்வரை யோசித்தாள், வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்த மண்டையோடு ஆறு மணிக்கு மைதானத்தில் இறங்கலாமா, கூடாதா?

"ரெக்ஸ்லினுக்கு நடந்தது விபத்தும்மா," என்றார் கிருபாகரன். "உனக்கு அப்படி ஆகாது. நீ குதிரை."

"குதிரைக்கும் பல்லைப் பிடிச்சுப் பாத்துதான வாங்குதாவ? எண்ணைச் சொல்லுங்க."

அவர் மேஜை மேலிருந்த பொத்தானை அழுத்தினார். "டாக்டரம்மா, கொஞ்சம் மேல வாங்க. உடனே."

அணியின் மருத்துவர் அங்கயற்கண்ணி, கணுக்கால்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த கையோடு வந்தார். மதுரைக்காரர், ஐம்பது வயது, வலிமருந்து வாசனை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. உள்ளே நுழையும்போதே கையிலிருந்த கைப்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இந்தப் புள்ள எதையாச்சும் கேட்டுருச்சா சார்?"

"கேட்டுட்டா."

"அதான பாத்தேன்."

எதைப் பார்த்தார்? முப்பிடாதி கையை நீட்டினாள். டாக்டர் கைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார். அது வீண்வேலை. ஏழு வருடமாகப் பிறர் மார்போடு அணைத்த பந்தைப் பிடுங்கியே சோறு தின்றவள் அவள்.

திரையில் அவள் பெயர், அவள் படம், ஒரு கோடு. காலையில் 1,912 என்று ஆரம்பித்துத் தரை மாதிரி சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு, நான்கு மணி இரண்டு நிமிடத்தில் கிணற்றுக்குள் விழுந்தது போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது. இப்போது 611.

அவள் மூன்று தரம் பார்த்தாள்.

"சார், நான் இங்கன நின்னுக்கிட்டுதான இருந்தேன். ஒரு ஈ கூட என் மேல மோதல. ஆயிரத்து முந்நூறு மோதல் எங்க போச்சு?"

கிருபாகரன் மறுபடியும் செவிப்பொறியைப் பார்த்தார். இந்தத் தடவை அவளும் பார்த்தாள். விடுதி, பேருந்து, சாப்பாட்டுக் கூடம் எல்லா இடத்திலும் இருக்கிற, பேச்சைக் கேட்கும் பொறிதான். நலக் கண்காணிப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. மின்விசிறியைப் போல அதுவும் கண்ணில் படாமல் போய்விட்டிருந்தது.

கைப்பலகையைப் பிடித்தபடியே முகத்தை உயர்த்தி, கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"செவ்வாய்க்கெழமையிலருந்து எனக்கு எடது கையில ரெண்டு விரல் மரத்துப்போவுது."

340.

"எனக்குக் கலெக்டர் ஆபீஸ்ல வேலை கெடச்சிருக்கு. அடுத்த வாரம் போய்ச் சேரணும்."

88.

"வேண்டாம்த்தா, வாய மூடு," என்றார் டாக்டர்.

"அது பொய் டாக்டர். எனக்கு எந்த ஆபீஸ்லயும் வேலை கெடைக்கல. நான் ஒரு பொய் சொன்னா என் மூளை தேயுமா?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. உதட்டை நனைத்துக்கொண்டு, வீட்டில் அம்மா பேசுகிற அந்தத் தணிந்த தொனியில் மெதுவாகச் சொன்னாள். "பரவாயில்ல. எனக்கு ஒண்ணும் செய்யல. நான் பொறுத்துக்கிடுதேன். வீடே என் சம்பளத்துலதான் ஓடுது."

கோடு தலைநிமிர்ந்தது. 150. 270. 405.

முப்பிடாதி பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நூற்று நாற்பது ஆட்டத்தில் யாரும் அவளை இப்படி உட்கார வைத்ததில்லை.

"இது எதை அளக்குது டாக்டர்?"

டாக்டர் கையில் ஒட்டியிருந்த பட்டைத் துணியைப் பிய்த்துக்கொண்டே பேசினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரும் வேணும்னு பண்ணலத்தா. ஆரம்பத்துல முப்பது வருச ஆட்டக்காரங்க பதிவைப் பூராவும் மெஷினுக்குக் குடுத்தாங்க. எத்தனை மோதல் வாங்குனாங்க, எந்த நாளோட ஆட்டத்தை நிறுத்துனாங்க. நிறுத்துன நாளைத்தான் மண்டை தாங்குன எல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"நிறுத்துன நாளு நிறுத்துன நாளுதான? அது எப்படி மண்டையோட எல்லையாவும்?"

"அதத்தான் யாரும் கேக்கல. வசதியுள்ள வீட்டுப் புள்ள தலைவலின்னா மறுநாளே நிறுத்தும், அப்பன் வேற வழி பண்ணி வச்சிருப்பான். இல்லாத வீட்டுப் புள்ள வாந்தியெடுத்துட்டு வாயத் தொடச்சுட்டு ஆடும். மெஷின் ரெண்டையும் பாத்துச்சு. இல்லாத வீட்டுப் புள்ளைக்கு மண்டை கெட்டின்னு படிச்சுக்கிருச்சு." பிய்த்த துணியை மேஜை மேல் வைத்தார். "அந்த வளைவு எலும்பையும் மூளையையும் அளக்கத்தான் செய்யுது. ஆனா கணக்குல அதுக்கு எடை நூத்துக்கு நாலு. மிச்சமெல்லாம் காகிதமும் பேச்சும்."

காகிதம். அணியில் சேர்ந்த அன்று எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனையோடு குடும்ப அட்டை நகலும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கேட்டார்கள். 'பந்தைத் தூக்கிட்டு ஓடுததுக்குத் தாசில்தார் கையெழுத்து எதுக்குட்டி?' என்று ரெக்ஸ்லின் சிரித்தது காதில் விழுந்தது. முப்பிடாதி சிரிக்கவில்லை அன்று. தாலுகா அலுவலகத்துக்கு ஆறு நடை நடந்து வாங்கிய காகிதம். மடிப்புக் கலையாமல், இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"அந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு எடை?"

"அதுக்குத்தான் அதிகம்," என்றார் டாக்டர். "முதல் தலைமுறை விட்டுட்டுப் போவாது. திரும்பிப் போறதுக்கு எடமில்ல."

"கேக்கக் கூடாதுன்னு வச்சது?"

"எண்ணைக் கேட்டவங்களுக்கெல்லாம் எண் தடதடன்னு எறங்குச்சு. பயம்தான் மூளையக் கெடுக்குதுன்னு பெரியவங்க முடிவு பண்ணி, கேக்காதேன்னு சட்டம் போட்டாங்க. கேக்குறவ சீக்கிரம் நிறுத்திருவான்னு மெஷின் சொன்னது இவங்களுக்குப் புரியல. எனக்குப் புரிய ஆறு வருசம் ஆச்சு. புரிஞ்சப்புறம்..." அவர் தோளைக் குலுக்கினார். "எனக்கும் ரெண்டு புள்ளைக காலேசுல படிக்குது."

அப்பாவின் முதுகு அவள் கண்முன் வந்தது. குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற முதுகு. நாலாயிரம் பாக்கி என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்த வாய். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தரமாவது 'வலிக்குது' என்று சொல்லியிருந்தால் அந்த நாலாயிரம் நாற்பதாகியிருக்கும்.

அவள் குனிந்து கைப்பலகையில் ரெக்ஸ்லினின் பெயரைத் தேடினாள். டாக்டர் பதறி முன்னே வந்தார். "அதப் பாக்காதத்தா, அத மட்டும் பாக்காத."

ரெக்ஸ்லினின் கோடு ஞாயிற்றுக்கிழமை வரை 2,040இல் இருந்தது. அன்று மாலை சற்றே இறங்கியது. திங்களிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. செவ்வாய், புதன், வியாழன், ஒவ்வொரு நாளும் ஒரு படி. இப்போது 3,306. நாட்டிலுள்ள இருபத்திரண்டு அணிகளிலும் அதுதான் முதலிடம். பெயருக்குக் கீழே பச்சைப் பட்டையில் ஒரு வரி மின்னியது: மூன்றாண்டு மறு ஒப்பந்தம் பரிந்துரைக்கப்படுகிறது.

முப்பிடாதிக்கு முதலில் அது புரியவில்லை. அந்த வரியை மறுபடியும் படித்தாள். ரெக்ஸ்லின் ஐந்து நாளாக ஒன்றும் கேட்கவில்லை. வலிக்குது என்று சொல்லவில்லை. விடுப்பு வேண்டும் என்று சொல்லவில்லை. மூக்கில் குழாயோடு, கட்டிலில், ஒரு முனகல்கூட இல்லாமல் கிடக்கிறாள். இப்படி ஒரு பொறுமைசாலியை மெஷின் பதினெட்டு ஆண்டில் கண்டதில்லை.

"செத்துட்டான்னா இன்னும் ஏறுமா சார்?"

கிருபாகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தா பாரும்மா, நான் மெஷின் செஞ்சவன் இல்ல. மேல இருந்து வருது, கீழ அனுப்பறேன். இன்னிக்கு ஒரு நாள் ஆடு. நாளைக்கு நானே பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"நான் ஆடலை. பெரியாஸ்பத்திரில பழைய மூளைப்படம் எடுக்க மெஷின் ஒண்ணு இன்னும் கெடக்காம். அங்க போறேன்."

கைப்பலகை கீச்சென்று கத்தியது. 31. திரை சிவந்தது: நாற்பதுக்குக் கீழ். களமிறக்கத் தடை.

கிருபாகரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் கைகூப்பியதை அவள் அன்றுதான் பார்த்தாள். "ஐயோ, பூட்டிக்கிச்சே! ஒரே ஒரு உதவி பண்ணும்மா. பொறுத்துக்கறேன்னு இன்னொரு நாலு தடவ சொல்லு. இப்ப சொன்ன பாரு, அதே மாதிரி, அந்தக் குரல்ல. மனசுலருந்து சொல்ல வேணாம், அது காதுல விழுந்தா போதும்."

முப்பிடாதி அவரையே பார்த்தாள். ஏழு வருடமாக இந்த ஆளைப் பார்த்து எழுந்து நின்றிருக்கிறாள்.

"சார், நான் ஒருத்தி கேட்டதுக்கே ஆயிரத்து முந்நூறு போச்சு. கீழ பதினாறு பேரு ஷூ கட்டிக்கிட்டு இருக்காளுவ. அம்புட்டு பேரும் கேட்டுட்டு, ஆடலைன்னு சொன்னா?"

அவர் உதடு அசைந்தது. கணக்குப் போட்டார். அவரிடம் நாற்பதுக்கு மேல் ஒரு ஆள் மிஞ்ச மாட்டாள். எதிரணியிலும் அதே வளைவு, அதே செவிப்பொறி, அதே மாதிரி வீட்டுப் பிள்ளைகள். இன்றைய ஆட்டம் நின்றால் நாளை செய்தி. செய்தி போனால் துறைமுகம், கிடங்கு, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். மனிதர்களை நம்பாமல் மெஷினிடம் பூட்டைக் கொடுத்தவர்கள் யாரிடமும் மாற்றுச்சாவி கொடுத்து வைத்திருக்கவில்லை.

"சொல்லிராதம்மா," என்றார். "என் வேலை போயிடும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்..." சட்டென்று டாக்டர் பக்கம் திரும்பினார். பயத்தில் வந்த கேள்வி, யோசித்துக் கேட்டதில்லை. "எனக்கும் ஒண்ணு இருக்கும்ல? எனக்கு எவ்ளோ டாக்டர்?"

டாக்டர் அங்கயற்கண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டுட்டீங்களே சார்."

மேஜை மேலிருந்த கிருபாகரனின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. திரையில் கழகத்தின் பெயர். அவர் அதை எடுக்கவில்லை. பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பிடாதி கைப்பலகையை டாக்டரிடம் நீட்டினாள். "ரெக்ஸ்லின் அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒத்தைல உக்காந்திருக்கு. எம்மவளுக்கு என்ன எண்ணு காட்டிச்சுன்னு என்கிட்ட கேட்டுச்சு. தெரியாதுன்னு சொன்னேன். இப்ப போய்ச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

"நீ எங்கத்தா போற?"

"கீழ. பொறவு படம் எடுக்க."

மறித்துக்கொண்டு நின்ற நாற்காலியை இடுப்பால் ஒதுக்கிவிட்டு அவள் வெளியே வந்தாள். அரங்கம் நிறையத் தொடங்கியிருந்தது. பறைச் சத்தத்துக்கு நடுவே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்த, ஆயிரம் பேர் திருப்பிக் கத்தினார்கள். படியிறங்கியதும் வலப்பக்கம் மைதானம். இடப்பக்கம் உடைமாற்றும் அறை. முப்பிடாதி இடப்பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள்.